மாநில அரசியலைப் பார்த்துக் கல்லூரிப் பட்டியலை மாற்றலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். உயிரியல் அல்லது பொது சுகாதாரம் படித்துவிட்டு மருத்துவம் போக ஆசை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம், டெக்ஸாஸ் ஆஸ்டின், வட கரோலினாவின் சாப்பல் ஹில், விஸ்கான்சின் மேடிசன் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. "அந்த மாநிலங்களின் அரசியலால் பட்டத்தின் மதிப்பே குறைந்து வருகிறது, வெளிமாநிலப் பிள்ளைகள் இப்போது அங்கே போவதில்லை" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்:

நண்பர்கள் சொன்னதில் இரண்டாவது பாதி தவறு. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் கைகாட்டும் இடத்தில் இல்லை.

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடலாம். டெக்ஸாஸின் எஸ்பி 17 சட்டம் 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டிஇஐ என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அந்தப் பன்மைத்துவ, சமத்துவ அலுவலகங்களை அரசுப் பல்கலைகள் மூட வேண்டும் என்ற சட்டம். அந்த ஏப்ரலில் ஆஸ்டின் வளாகம் ஏறத்தாழ 60 ஊழியர்களை நீக்கியது. நாடு முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு தொடங்கிய முதல் விண்ணப்பக் காலத்தில், அதாவது 2025 இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு, ஆஸ்டினுக்கு வந்த விண்ணப்பங்கள் 90,000-ஐத் தாண்டின. முந்தைய ஆண்டு சுமார் 73,000தான். வெளிமாநில விண்ணப்பங்கள் உள்ளூர் விண்ணப்பங்களைவிட வேகமாக வளர்ந்தன. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் மறுபடியும் கட்டாயம் என்று ஆக்கிய அதே ஆண்டில் இது நடந்தது. முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே பதில் பெறும் ஏர்லி ஆக்‌ஷன் வசதியைப் புதிதாகத் திறந்ததும் அந்த ஆண்டுதான், உயர்வில் ஒரு பங்கு அதற்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் "போவதில்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பின் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? கருத்துக்கணிப்புகளிலிருந்து. 2023-ல் ஆர்ட் அண்ட் சயன்ஸ் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் கல்லூரிக்குப் போகவிருந்த பள்ளி மாணவர்களிடம் கேட்டபோது, நான்கில் ஒருவர் மாநிலத்தின் அரசியல் அல்லது சட்டச் சூழலை மட்டுமே காரணமாக வைத்து ஏதாவது ஒரு கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். இடதுசாரிப் பிள்ளைகள் மட்டும் சொன்ன பதில் இல்லை இது. வலதுசாரிப் பிள்ளைகளும் ஏறத்தாழ அதே அளவில் சொன்னார்கள், அவர்கள் ஒதுக்கியது கலிஃபோர்னியா, நியூ யார்க் போன்ற மாநிலங்களை. மொத்தத்தில் அதிகம் ஒதுக்கப்பட்ட மாநிலங்களில் அலபாமாவும் டெக்ஸாஸும் முன்னால் நின்றன.

சரி, அலபாமாவுக்கு என்ன ஆயிற்று? 2003-ல் ராபர்ட் விட் தலைவராக வந்ததிலிருந்து அலபாமா பல்கலைக்கு ஒரே கொள்கைதான்: வெளிமாநிலத்திலிருந்து நல்ல மதிப்பெண் பிள்ளைகளை மெரிட் ஸ்காலர்ஷிப் கொடுத்து இழுப்பது. 2007-ல் நிக் சேபன் ஃபுட்பால் பயிற்சியாளராக வந்தார், கோப்பைகளும் வந்தன. சுமார் 20,000 ஆக இருந்த மாணவர் தொகை 2024-ல் 40,000-ஐத் தாண்டியது. இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கும் மேல் வெளிமாநிலத்தார், உங்கள் நியூ ஜெர்சிப் பிள்ளைகள் உட்பட. டிஇஐ தடைச் சட்டம் அங்கேயும் 2024 அக்டோபரில் அமலுக்கு வந்துவிட்டது. கணிப்பில் முதலில் நீக்கப்படும் மாநிலம், சேர்க்கையில் நிரம்பி வழியும் பல்கலை. பதினேழு வயதில் கருத்துக்கணிப்புக்குச் சொல்லும் பதில் வேறு, அப்பாவும் அம்மாவும் கட்டணத் தாளோடு உட்காரும்போது எடுக்கும் முடிவு வேறு.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள நான்கில் மூன்று பல்கலைகளில் வெளிமாநில இடங்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது. வட கரோலினாவில் 1986 முதல் 18 சதவீதம். ஃப்ளோரிடாவில் அரசுப் பல்கலைகள் மொத்தத்துக்கும் சேர்த்து 10 சதவீதம். ஆஸ்டினில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான இடங்களில் முக்கால் பங்கு, டெக்ஸாஸ் பள்ளிகளில் முதல் சில சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடுகிறது. வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் இருவரும் சேர்ந்து பத்தில் ஒன்றுதான். இப்படிப்பட்ட இடத்தில் வெளிமாநில விண்ணப்பம் பாதியாகக் குறைந்தாலும் ஒரு நாற்காலி காலியாகாது. ஃப்ளோரிடாவின் அரசுப் பல்கலைகளை மேற்பார்க்கும் மாநிலக் குழு 2025 ஜூனில் வெளிமாநிலக் கட்டணத்தை 10 சதவீதம் வரை உயர்த்த அனுமதி கொடுத்தது. தேவை குறைகிறது என்று பயப்படுபவர்கள் விலையை ஏற்ற மாட்டார்கள்.

ஆக, விண்ணப்ப எண்ணிக்கையை வைத்து ஒரு பல்கலையின் நற்பெயரை அளக்கப் போனால் ஏமாறுவோம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் இன்னொரு கல்லூரியைச் சேர்க்க எழுபது எண்பது டாலரும் ஒன்றிரண்டு கட்டுரைகளும் போதும். அரசியல் செய்யும் சேதம் வேறு இடத்தில், வேறு வேகத்தில் தெரியும்.

அது எப்படி உள்ளே நுழைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆளுநர் நம்மூர் ஆளுநர் அல்ல. மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் முதல்வருக்கு இணையானவர். பெரும்பாலான மாநிலங்களில் பல்கலையின் ஆட்சிக் குழுவை நியமிப்பது அவர்தான். டெக்ஸாஸில் ரீஜென்ட்ஸ் எனப்படும் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் ஆளுநர் போட்டவர்கள். ஃப்ளோரிடாவில் மாநில அளவிலான குழுவின் 17 பேரில் 14 பேர் அப்படி. வட கரோலினாவில் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது. மிச்சிகன் போன்ற ஒருசில மாநிலங்களில் மட்டும் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மிச்சிகன் பல்கலைக்கு அரசமைப்பிலேயே தன்னாட்சியும் உண்டு. அங்கே தலைநகர் லான்சிங்கில் யார் ஆட்சிக்கு வந்தாலும் பல்கலை இருக்கும் ஆன் ஆர்பரில் அதிர்வு குறைவு.

குழு கையில் இருந்தால் எவ்வளவு வேகமாக ஒரு கல்லூரியை மாற்றலாம் என்பதற்கு ஃப்ளோரிடாவின் நியூ காலேஜ் சாட்சி. சரசோட்டாவில் உள்ள சிறிய அரசுக் கல்லூரி, 700 மாணவர் அளவு. மதிப்பெண்ணுக்குப் பதில் எழுத்து மதிப்பீடு தரும் வழக்கம். முனைவர் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் பெயர் எடுத்தது. 2023 ஜனவரியில் ஆளுநர் டிசாண்டிஸ் அதன் குழுவில் ஆறு புதியவர்களை ஒரே நாளில் நியமித்தார். மாதம் முடிவதற்குள் தலைவர் பட்ரீஷியா ஓகர் நீக்கப்பட்டார். மாநிலத்தின் முன்னாள் கல்வி ஆணையர் ரிச்சர்ட் கோர்கரன் வந்தார். ஆகஸ்டில் பாலினக் கல்வித் துறையை மூட முடிவெடுத்தார்கள். ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் கோடைக்குள் போய்விட்டார்கள். மாசச்சூசெட்ஸில் உள்ள ஹாம்ப்ஷயர் காலேஜ் "எங்களிடம் வாருங்கள், அதே கட்டணம்" என்று மாணவர்களைக் கூப்பிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் புதுமுக மாணவர் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கூடியது. கல்லூரி விளையாட்டு அணிகளைப் புதிதாகத் தொடங்கி, உதவித்தொகை கொடுத்து வீரர்களைச் சேர்த்தது. பேஸ்பாலுக்கு மட்டும் 70 பேரளவில். கெய்ன்ஸ்வில்லில் இருக்கும் பெரிய ஃப்ளோரிடா பல்கலையின் அணியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண் சரிந்தது. யு.எஸ். நியூஸ் தரவரிசையில், கலைக்கல்லூரிகள் பிரிவில், 76-ஆம் இடத்திலிருந்து 100-க்குப் போனது. கணக்கிடும் முறையும் அந்த ஆண்டு மாறியது என்பதால் முழுப் பழியும் அரசியல் மேல் இல்லை. ஆனாலும் எண்ணிக்கை மேலே போகும்போதே தரம் கீழே போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கல்லூரி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கோர்கரன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிளைக்கதை இருக்கிறது. 2021-ல் அவர் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலையின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் சங்கம், சாக்ஸ் என்பார்கள், தலையிட்டுக் கேள்வி கேட்டது: தலைவரை உறுதிசெய்யும் குழுவில் உறுப்பினராக இருப்பவரே வேட்பாளரா என்று. பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில், மாநிலத்தின் வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிரான வழக்கில் மூன்று பேராசிரியர்கள் நிபுணர் சாட்சியம் சொல்லக் கூடாது என்று ஃப்ளோரிடா பல்கலை தடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. சாக்ஸ் அதையும் விசாரித்தது. 2022-ல் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? அரசுப் பல்கலைகள் தங்கள் அங்கீகார அமைப்பை மாற்றியாக வேண்டும் என்று சட்டம் போட்டது. 2025-ல் ஃப்ளோரிடாவும் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், ஜார்ஜியா உள்ளிட்ட வேறு ஐந்து பல்கலைத் தொகுப்புகளும் சேர்ந்து சொந்தமாகவே ஒரு அங்கீகார அமைப்பைத் தொடங்குவதாக அறிவித்தன.

இந்தச் சங்கத்தின் மேல் அரசியல்வாதிகளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதற்குப் பழைய கதை ஒன்று போதும். 1941-ல் ஜார்ஜியா ஆளுநர் யூஜின் டால்மட்ஜ், மாநிலப் பல்கலையின் கல்வியியல் டீன் வால்டர் காக்கிங் மீது, வெள்ளையரையும் கறுப்பரையும் சேர்த்துப் படிக்க வைக்கப் பார்க்கிறார் என்று குற்றம் சாட்டினார். ரீஜென்ட்ஸ் குழு காக்கிங்கை நீக்க மறுத்தது. டால்மட்ஜ் குழு உறுப்பினர்களையே மாற்றி, மறுபடி வாக்கெடுப்பு நடத்தி, நீக்கினார். அந்த டிசம்பரில் சங்கம் ஜார்ஜியாவின் பத்து அரசுக் கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக முடிவெடுத்தது. பட்டம் வெளிமாநிலத்தில் செல்லாது என்ற பயம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. இன ஒதுக்கலை எதிர்த்து அல்ல, தங்கள் பிள்ளைகளின் சான்றிதழுக்காகத்தான் வெள்ளை வாக்காளர்கள் கொதித்தார்கள். மாணவர்கள் ஆளுநரின் கொடும்பாவி கட்டினார்கள். 1942-ல் எல்லிஸ் ஆர்னால் இதையே தேர்தல் பிரச்சினையாக்கி டால்மட்ஜைத் தோற்கடித்தார், ரீஜென்ட்ஸ் குழுவை ஆளுநரின் பிடியிலிருந்து விடுவிக்க அரசமைப்பையே திருத்தினார், அங்கீகாரம் திரும்பியது. அடுத்த ஆண்டு வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய முதல் மாநிலமும் ஜார்ஜியாதான்.

இன்று அப்படி ஒரு தண்டனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கான மத்திய அரசின் நிதியுதவி போய்விடும்; அந்த ஆயுதத்தைப் பெரிய பல்கலை மேல் எடுக்க எந்தச் சங்கத்துக்கும் துணிச்சல் கிடையாது. அதனால் உங்கள் மகளின் பட்டம் ஒரு நாள் காலையில் செல்லாக்காசாகிவிடும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

நிஜமான கசிவு ஆசிரியர்கள் பக்கம். 2023-ல் ஃப்ளோரிடா, டெக்ஸாஸ், ஜார்ஜியா, வட கரோலினா ஆகிய மாநிலங்களில் ஆசிரியர் சங்கக் கிளைகள் நடத்திய கணிப்பில் 4,000-க்கும் அதிகமானோர் பதில் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்கினர், வேறு மாநிலத்தில் இருக்கும் சக பேராசிரியரைத் தங்கள் மாநிலத்துக்கு வரச் சொல்ல மாட்டோம் என்றார்கள். கோபமாக இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட படிவத்தை நிரப்புவார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் நடந்த சம்பவங்கள் தள்ளுபடிக்கு உட்பட்டவை அல்ல. 2021-ல் சாப்பல் ஹில்லில் இதழாளர் நிக்கோல் ஹானா-ஜோன்ஸுக்கு நிரந்தரப் பணி கொடுப்பதை அறங்காவலர்கள் இழுத்தடித்தார்கள். கடைசியில் கொடுத்தபோது அவர் வேண்டாம் என்று ஹோவர்டு பல்கலைக்குப் போய்விட்டார். 2023-ல் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், இதழியல் துறையை நடத்த அழைத்த கேத்லீன் மெக்எல்ராயின் ஒப்பந்தத்தை அழுத்தத்துக்குப் பணிந்து நீர்த்துப்போக வைத்தது. விளைவு: தலைவர் ராஜினாமா, 10 லட்சம் டாலர் இழப்பீடு. அவருக்குப் பின் வந்த தலைவரும் 2025 செப்டம்பரில் வகுப்பறை வீடியோ ஒன்று கிளப்பிய புயலில் விலகினார். ஃப்ளோரிடா பல்கலை 2025-ல் மிச்சிகன் பல்கலையின் தலைவராக இருந்த சாண்டா ஓனோவைத் தேர்ந்தெடுத்தது; அறங்காவலர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்; மாநிலக் குழு 10-க்கு 6 என்று நிராகரித்தது. இதற்குப் பின் முதல் தரமான ஒரு கல்வியாளர் அந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பதற்கு முன் எத்தனை முறை யோசிப்பார்? அதே ஆண்டு அக்டோபரில் எச்-1பி விசாவில் ஆள் எடுப்பதை அரசுப் பல்கலைகள் நிறுத்த வேண்டும் என்று டிசாண்டிஸ் சொன்னார். ஆய்வகங்களில் பாதி வேலையைச் செய்வது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடா பல்கலை இன்று இருக்கும் உயரத்துக்கு வந்ததும் அதே மாநில அரசியலால்தான். 2013-ல் சட்டமன்றம் அதற்கு முதன்மை அந்தஸ்தும் கூடுதல் நிதியும் தந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு சுமார் 6,400 டாலர்தான் கட்டணம். நல்ல மதிப்பெண் வாங்கினால் பிரைட் ஃபியூச்சர்ஸ் திட்டத்தில் அதுவும் இல்லை. மாநிலத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளியே போகாமல் அங்கேயே நின்றார்கள். அரசுப் பல்கலைகள் வரிசையில் 14-லிருந்து 2021-ல் 5 வரை ஏறியது. பிறகு 6, 7 என்று மெல்ல இறங்கியது. இந்த இறக்கத்தைச் சரிவு என்று சொன்னால் அது மிகை.

இப்போது நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். தொலைக்காட்சியில் கத்தும் அரசியலைவிடச் சத்தமில்லாத பட்ஜெட் அரசியல்தான் பல்கலைகளை அதிகம் சாய்த்திருக்கிறது. இல்லினாய்ஸ் இதற்குப் பாடம். குடியரசுக் கட்சி ஆளுநர் புரூஸ் ரவுனரும் ஜனநாயகக் கட்சி அவைத்தலைவர் மைக்கேல் மாடிகனும் முட்டிக்கொண்டதில் 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை மாநிலத்துக்கு முழு பட்ஜெட்டே இல்லை. ஏழை மாணவர்களுக்கான எம்ஏபி உதவித்தொகை நின்றது, பல்கலைகள் கைப்பணத்தைப் போட்டுச் சமாளித்தன. சிகாகோ ஸ்டேட் பல்கலை நிதி நெருக்கடியை அறிவித்து, 2016 ஏப்ரலில் 300-க்கும் அதிகமான ஊழியர்களை அனுப்பியது. அந்த இலையுதிர் பருவத்தில் அங்கே சேர்ந்த புதுமுக மாணவர்கள் 86 பேர். பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, 86! அதே மாநிலத்தில், அதே இரண்டு ஆண்டுகளில், இல்லினாய்ஸ் பல்கலையின் முதன்மை வளாகமான அர்பானா-ஷாம்பெயினில் மாணவர் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் இருந்தது. பெரிய பெயர் தாங்கும். அடி முழுக்க விழுவது, உங்கள் மகளின் பட்டியலில் வரவே வராத சிறிய வட்டாரப் பல்கலைகள் மேல்.

மேடிசன் இரண்டு விதமான அரசியலையும் பார்த்த ஊர். 2015-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஆட்சியில் விஸ்கான்சின் பல்கலைத் தொகுப்புக்கு 25 கோடி டாலர் வெட்டு. பேராசிரியர்களின் நிரந்தரப் பணி உறுதி மாநிலச் சட்டத்திலிருந்து நீக்கம். உள்ளூர்க் கட்டணமும் 2013 முதல் 2021 வரை உறைந்து கிடந்தது. பணத்துக்கு எங்கே போவது? வெளிமாநில இடங்களுக்கு இருந்த 27.5 சதவீத வரம்பை மேடிசனுக்கு எடுத்துவிட்டார்கள், ஆண்டுக்குக் குறைந்தது 3,600 உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்தால் போதும் என்ற நிபந்தனையோடு. அதாவது அரசியல் அங்கே வெளிமாநிலப் பிள்ளைகளை விரட்டவில்லை, வாசலை அகலமாகத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் புதுமுக வகுப்பில் வெளியார் பாதியைத் தாண்டினார்கள். விலை எங்கே தெரிந்தது என்றால் ஆராய்ச்சிச் செலவில்: 1972 முதல் நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த மேடிசன், 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆறாவது இடத்துக்கு இறங்கி, பிறகு எட்டு வரை போனது. அது தலைப்புச் செய்தி ஆகவில்லை, விண்ணப்பமும் குறையவில்லை. 2023 டிசம்பரில் இன்னொரு கூத்து. சட்டமன்றத் தலைவர் ராபின் வோஸ் சம்பள உயர்வுக்கும் பொறியியல் கட்டடத்துக்கும் வர வேண்டிய சுமார் 80 கோடி டாலரை நிறுத்தி வைத்து, டிஇஐ பதவிகளை உறைய வைத்தால்தான் விடுவேன் என்றார். ரீஜென்ட்ஸ் சனிக்கிழமை 9-க்கு 8 என்று மறுத்தார்கள்; புதன்கிழமை 11-க்கு 6 என்று ஒப்புக்கொண்டார்கள்.

விண்ணப்பங்கள் நிஜமாகவே விழுந்த பெரிய பல்கலை எதுவுமில்லையா என்றால், உண்டு: மிசௌரி. 2015-ல் இனப்பாகுபாட்டை எதிர்த்து மாணவர் போராட்டம், ஒருவர் உண்ணாவிரதம், ஃபுட்பால் அணி ஆட மறுப்பு, நவம்பர் 9 அன்று பல்கலைத் தொகுப்பின் தலைவரும் கொலம்பியா வளாகத்தின் சான்சலரும் ஒரே நாளில் விலகல். கறுப்பினக் குடும்பங்கள் பல்கலை தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று நினைத்தன. வலதுசாரிக் குடும்பங்கள் அது கலவரக்காரர்களிடம் சரணடைந்துவிட்டது என்று நினைத்தன. சட்டமன்றம் நிதியை வெட்டப் போவதாக மிரட்டியது. இரண்டே ஆண்டில் புதுமுக சேர்க்கை 35 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஏழு விடுதிகளைப் பூட்டி, காலி அறைகளை ஃபுட்பால் ஆட்ட நாட்களில் ரசிகர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இரு தரப்பும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பியதுதான் அங்கே நடந்தது. ஃப்ளோரிடாவிலும் டெக்ஸாஸிலும் ஒரு தரப்பு போனால் மறு தரப்பு வருகிறது. மிசௌரியும் சில ஆண்டுகளில் மீண்டுவிட்டது.

ஜனநாயகக் கட்சி வலுவாக உள்ள நீல மாநிலங்கள் இதிலிருந்து தப்பியவை என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் உள்ளூர்ப் பெற்றோரின் கோபம் சட்டமன்றம் வரை போய், 2017-ல் கலிஃபோர்னியா பல்கலையின் (யூசி) பெரும்பாலான வளாகங்களுக்கு 18 சதவீத வெளியார் வரம்பு வந்தது. அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ வளாகங்களிலும் குறைக்க 2021 முதல் அரசே பணம் கொடுக்கிறது. உங்கள் மகளின் வாய்ப்பை நேரடியாகச் சுருக்குவது இந்த வகை அரசியல்தான்.

இனி உங்கள் பட்டியல். நான்கில் எதையும் நீக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சிலவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அவள் படிக்கும் துறையைப் பாருங்கள். உயிரியலில் யாரும் கை வைக்கவில்லை. பொது சுகாதாரம் அப்படியல்ல. இனம், பாலினம், வருமானம் இல்லாமல் அந்தப் பாடமே இல்லை. ஃப்ளோரிடா 2024 ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடத்தைப் பொதுக்கல்வித் தொகுப்பிலிருந்து எடுத்தது. விருப்பப் பாடமாக எடுக்கலாம், ஆனால் கட்டாயப் பாடக் கணக்கில் சேராது. மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் சமூகவியலும் வருகிறது என்பதால் இது வெறும் கொள்கைப் பிரச்சினை இல்லை. இண்டியானாவையும் சேர்க்க நினைத்தால் இன்னும் கவனம்: 2025-ல் பட்டதாரி எண்ணிக்கை குறைவான படிப்புகளை விலக்கச் சொன்ன சட்டத்தால் 400-க்கும் மேற்பட்ட பட்டப்படிப்புகளை மூடவோ இணைக்கவோ அந்த மாநிலப் பல்கலைகள் ஒப்புக்கொண்டன. துறையின் ஆசிரியர் பட்டியலை இணையத்தில் எடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். யு.எஸ். நியூஸ் எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

அப்புறம், பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயம்: கருக்கலைப்புச் சட்டம். டெக்ஸாஸில் ஏறத்தாழ முழுத் தடை, ஃப்ளோரிடாவில் 2024 மே முதல் ஆறு வாரம், வட கரோலினாவில் பன்னிரண்டு வாரம். விஸ்கான்சினின் 1849-ஆம் ஆண்டுத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 2025-ல் செல்லாதாக்கியது. இளநிலை விண்ணப்பத்தில் இதன் தாக்கம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் தடை உள்ள மாநிலங்களில் மகப்பேறு மருத்துவப் பயிற்சிக்கு வரும் விண்ணப்பங்கள் மற்ற மாநிலங்களைவிட அதிகம் குறைந்தன. மருத்துவம் அவள் இலக்கு என்றால் முடிவில் அவளுக்கும் ஒரு குரல் இருக்கட்டும்.

பணம். ஃப்ளோரிடாவின் வெளிமாநிலக் கட்டணம் உயர்வுக்கு முன் சுமார் 28,600 டாலர்; மற்ற மூன்றிலும் 40,000-க்கு மேல்; உங்கள் மாநிலப் பல்கலையான ரட்கர்ஸில் உங்களுக்கு 20,000-க்குள். ஃப்ளோரிடாவும் ரட்கர்ஸும் மட்டும் கையில் இருந்தால் உயிரியலுக்கு நான் ரட்கர்ஸ் என்பேன். அதற்குக் காரணம் டிசாண்டிஸ் இல்லை, மருத்துவப் படிப்புக்கு மிச்சமாகும் தொகை.

கடைசியாக, பலரும் தவறவிடும் ஒன்று. டெக்ஸாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பத்தில் ஒன்பது இடம் மாநிலத்தவருக்கு என்று சட்டம். ஆஸ்டினில் நான்கு ஆண்டு படித்தாலும், பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவியின் இருப்பிடம் பெற்றோர் இருக்கும் மாநிலம்தான். அவள் நியூ ஜெர்சிக்காரியாகவே அந்த வரிசையில் நிற்பாள். நீங்கள் எச்-1பியிலும் அவள் எச்-4இலும் இருந்தால் இருப்பிட விதி மாநிலத்துக்கு மாநிலம் இன்னும் மாறும். கட்டணத்துக்கான இருப்பிட வகைப்பாட்டை முடிவுசெய்யும் அலுவலகம் ஒவ்வொரு பல்கலையிலும் தனியாக இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.